நேரான ஸ்டிக்

அறந்தாங்கியில் பெண் பார்க்கப் போனபோதுகூட எங்கள் மாப்ள இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. கூரியரில் வந்த பூல் ஸ்டிக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, வளைவு தேடினான். மேசையில் உருட்டினான். துள்ளாமல் உருண்டது. "சுத்தமான மேப்பிள்ணே" என்றான். நான் மரக்கடைக்காரன் மகன், எனக்கே சொல்கிறான்.

ஸ்னூக்கருக்கு ஆஷ், பூலுக்கு மேப்பிள் என்பது பொதுவான வழக்கம். பூல் பந்து பெரிது, 57 மில்லிமீட்டர். அதனால் நுனியும் பருமன், 12 அல்லது 13. ஸ்டிக்கின் எடை 19 அவுன்ஸ், அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இந்த விவரமெல்லாம் அவன் வாயில் சரளமாக வரும். நுனியில் ஒட்டியிருப்பது தோல்தான். அது வழுக்காமல் இருக்கத்தான் அந்த நீலச் சாக்கு. சாக்கு என்று பெயரே தவிர, பள்ளிக்கூடத்துச் சாக்கட்டி இல்லை. நைசாக அரைத்த சிலிக்கா மாதிரியான பொடி.

ஸ்னூக்கருக்கு விதி எழுதியது நம்ம ஊட்டி கிளப்பில்தான். 1875இல் ஜபல்பூரில் அதைத் தொடங்கிவைத்த சேம்பர்லைன், கையில் கிடைத்த ஸ்டிக்கை வைத்துத்தான் ஆடியிருப்பார்.

மாப்ள குனிந்தான். மூச்சை அடக்கினான். 'டொக்' என்று திருத்தமான சத்தம். வெள்ளைப் பந்து நேராகப் போய்க் குழியில் விழுந்தது. விழ வேண்டிய பந்து அசையவே இல்லை.

நுனியைத் தடவிப் பார்த்தான். "டிப்பு இன்னும் பழகலண்ணே."