பிழைதிருத்தியார்

ஊருக்கு ஒரு பிழைதிருத்தியார் உண்டு. கடலூரிலும் சிதம்பரத்திலும் தெருவுக்கு ஒருவர் தேறுவார். மண்வாகு அப்படி. யாழ்ப்பாணத்து நல்லூரிலிருந்து கடல் தாண்டி வந்த ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் அச்சிட்ட நூல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், பிழை இருக்காது என்று பெயர். (அவர் வள்ளலார் மீது தொடுத்த வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் போனது வேறு கதை. அது எழுத்துப்பிழைக்காக அல்ல.) ஏடு பெயர்த்தவர்களின் பிழையோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய உ.வே.சாமிநாதையரும் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்தான்.

இன்றைய பிழைதிருத்தியாருக்கு ஏடும் வேண்டாம், அச்சுக்கூடமும் வேண்டாம். பொறியியல் படித்துவிட்டு, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மாடியறையில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறார். பகலில் சம்பளத்துக்கு நிரல் எழுதுவார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், உலகத்தார் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் நிரல்களைத் திறந்துவைத்துக்கொண்டு கமெண்ட் படிப்பார். நிரலைப் படிக்க மாட்டார். கமெண்ட் மட்டும்.

கமெண்ட் என்பது நிரலுக்கு நடுவே மனிதர் மனிதருக்கு எழுதிவைக்கும் குறிப்பு. கணினி அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். 'ரிசீவ்' என்ற சொல்லில் ஈ எழுத்தும் ஐ எழுத்தும் இடம் மாறி உட்கார்ந்திருந்தாலும் புரோகிராம் ஓடும், வங்கிக் கணக்கில் பணம் ஏறும், ராக்கெட் மேலே போகும். நம்மவருக்குத்தான் தூக்கம் வராது. 'செபரேட்' நடுவில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஈ இருக்கிறதா, ஒரே வரியில் 'தி தி' என்று இரண்டு முறை வந்துவிட்டதா, உடனே ஒரு பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, தயார். திருத்தம் ஓர் எழுத்து. அதைப் பற்றிய விளக்கம் மூன்று பத்தி.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு 'ஸ்பெல்லிங் டாட் டெக்ஸ்ட்' என்று ஒரு கோப்பு வருகிறது. இடப்பக்கம் பிழையான சொல், நடுவில் இரண்டு கோடு, வலப்பக்கம் சரியான சொல். இப்படி ஆயிரம் வரிக்கு மேல். புதிதாக வரும் பேட்சில் இந்தப் பிழைகள் இருக்கின்றனவா என்று 'செக்பேட்ச்' நிரல் அதைப் பார்த்துத்தான் சொல்கிறது. நம்மவர் அதை சகஸ்ரநாமம் போலப் பாராயணம் செய்வார்.

அவருக்கு ஒரு தீராத துக்கமும் உண்டு. நாம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதை பிரவுசர் சர்வரிடம் சொல்வதற்கு 'ரெஃபரர்' என்று ஒரு தலைப்புவரி இருக்கிறது. அதில் ஓர் 'ஆர்' குறைவு. 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் அந்தக் குறையோடேயே அச்சேறிவிட்டது. அன்றிலிருந்து உலகத்து பிரவுசர்களும் சர்வர்களும் அப்படியேதான் எழுதுகின்றன. சரியாக எழுதினால் வேலை செய்யாது! இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனிடம், மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டார்களாம். 'கிரியேட்' என்ற கட்டளைக்குக் கடைசியில் ஓர் ஈ சேர்ப்பேன் என்றாராம் அவர். நம்மவர் கும்பிடும் ஒரே வெள்ளைக்காரர் இவர்தான்.

எல்லாத் திருத்தக்காரர்களையும் தன்னோடு சேர்த்து எண்ணினால் அவருக்குக் கோபம் வரும். அக்டோபர் மாதம் நான்கு திருத்தம் அனுப்பினால் டி-சட்டை தந்துவந்த 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' விழாவில், 2020ஆம் ஆண்டு, அறிமுகக் குறிப்பான 'ரீட்மீ' கோப்பில் ஒரு சொல்லைச் செருகி அனுப்பியவர்களின் தொல்லை தாங்கவில்லை. சம்மதம் சொன்ன மென்பொருள் திட்டங்களுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கு என்று அதே மாதம் விதியை மாற்றினார்கள். "சட்டைக்கு வேலை பார்க்கிறவன் திருத்துகிறவனா?" என்பது நம்மவர் கேள்வி.

தமிழ் என்றால் இன்னும் தீவிரம். நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய மென்பொருள்களில் 'வாணி' எழுத்துப்பிழை பார்க்கும், 'நாவி' சந்திப்பிழை பார்க்கும். நம்மவர் இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டோடும் வாதாடுவார்.

இதனால் சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃபை அவரிடம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாயிற்று. போன ஆவணியில் மாமா ஒருவர் கொடுத்தார். நம்மவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, 'வரவேற்பு'க்குப் பின்னால் ஒரு 'ப்' போட்டார். 'சிதம்பரம், கீழ வீதி' என்று இருந்ததை அடித்து, 'கீழவீதி' என்று சேர்த்து எழுதினார். அச்சடித்தாயிற்று, கொடுத்தாயிற்று. மண்டபம் இருந்தது மேலவீதியில். கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போன பாதிப் பேர் கீழவீதியில் இறங்கி விசாரித்து, வெயிலில் தெற்குவீதி வழியாக நடந்து வந்து சேர்ந்தார்கள். நடராஜருக்கு அரைப் பிரதட்சணம் ஆயிற்று.

"ஏன் மாப்ள, நீ பாத்துக் குடுத்த பத்திரிகைதானே?"

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லையே மாமா."

நிரலிலும் இதே கதைதான். ஒரு நிரலில் 'இவ்வளவு நொடி காத்திரு' என்று கமெண்ட் இருந்தது. நொடிக்கான ஆங்கிலச் சொல்லில் பிழை. நம்மவர் திருத்தினார். உண்மையில் அந்த வரி எண்ணியது மில்லிநொடிகளை. கொச்சையாக எழுதிய கமெண்ட் என்றால் படிக்கிறவனுக்கு ஒரு சந்தேகமாவது வரும். இப்போது பொய் பிழையில்லாமல் நின்றது. எல்லோரும் நம்பினார்கள்.

அதற்கான தண்டனை அவருக்கே வந்தது. கமெண்ட் தனி வரியாக இருந்திருந்தால் தப்பியிருப்பார். இது கட்டளை இருக்கும் வரியிலேயே வால் போல ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று காட்டுவது 'கிட் பிளேம்'. அதற்குக் கட்டளை, கமெண்ட் என்ற பேதமெல்லாம் தெரியாது. நடுராத்திரியில் யாரோ ஒருவர், "சார், இந்த வரி உங்க பேர்ல இருக்கு, ஏன் இவ்வளவு சீக்கிரம் டைம் அவுட் ஆகுது?" என்று கேட்டு எழுதினார். நம்மவர் பதில் எழுதினார்: 'டைம்அவுட்' என்பதை இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள்.

இவ்வளவு சொன்னதால் அவரை வெட்டி ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆவணத்தில் ஒரு சொல் பிழையாக இருந்தால் தேடுகிறவருக்கு அது அகப்படாது. சரியான எழுத்தைத் தட்டித் தேடும் புதியவர், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முடிவுகட்டிப் போய்விடுவார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் அகராதியில் தேடித் திணறுவது தனி. பெரிய மென்பொருள்களில் இன்று புகுந்து விளையாடும் பலர் இப்படி ஓர் எழுத்தைத் திருத்தித்தான் உள்ளே வந்தார்கள். பேட்ச் எப்படி அனுப்புவது, திட்டு எப்படி வாங்குவது என்று கற்றுக்கொள்ள இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. திட்டத்தை நடத்துகிறவர்தான் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் சலிப்பும் நியாயம்.

ஆகவே, நிரல் எழுதும் நண்பர்களே, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் எழுத்துத் திருத்தம் வந்தால் சிரிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்பதற்கு முன்னால் அந்தக் கமெண்ட் சொல்வது உண்மைதானா என்று நிரலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவர் பார்த்திருக்க மாட்டார்.