மூன்று மணி முழிப்பு

கேள்வி: வயது 48. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. ‘கண்டதையும் யோசிக்காதே’ என்கிறார் கணவர். யோசனைதான் காரணமா? (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் யோசனைக்கு முன்னால் ஹார்மோன் முழித்துக்கொள்கிறது, சகோதரி! மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் தாறுமாறாக ஏறி இறங்கும்; உடம்பு தன் சூட்டைக் கட்டுப்படுத்தத் திணறும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றும்போதே கழுத்தடி வியர்த்து, நைட்டி முதுகில் ஒட்டிக்கொள்கிறதா? தூக்கத்தைக் கலைப்பது அந்தச் சூடாக இருக்கலாம். சாயங்கால ஃபில்டர் காபியும் கூட்டாளி. குடித்து 5 மணி நேரமானாலும் ஏறக்குறைய பாதி காஃபீன் உடம்பில் நிற்கும். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள். குறட்டையோ கால் குடைச்சலோ இருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் பார்ப்பார். இதை ‘வயசானா அப்படித்தான்’ என்று சகித்துக்கொள்ள வேண்டியதில்லை, சிகிச்சை உண்டு. கணவருக்கும் ஒரு மருந்து எழுதுகிறேன்: நாளை முதல் காலை டிபன் அவர் பொறுப்பு. யோசனையில் பாதி குறைந்துவிடும்!