பத்தாம் இடத்துச் சக்கரவர்த்திகள்

ராலே, வட கரோலினா

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

  

இவ்வூர் ஜனங்களின் சுபாவத்தைப் பற்றி விசாரித்திருந்தீர்கள். வரிசையில் நிற்பதிலும், நடுநிசியில் ஆளரவமற்ற தெருவில்கூடச் சிவப்பு விளக்குக்கு மரியாதை செய்து வண்டியை நிறுத்துவதிலும் இவர்களை மிஞ்சிய நியாயஸ்தர்கள் பூலோகத்தில் இல்லை; ஆயினும் மார்ச் மாதம் பிறந்து, அட்லாண்டிக் கரைக் கல்லூரிக் கூட்டமைப்பின் கூடைப்பந்துப் போட்டி நெருங்கிவிட்டதென்றால், அந்த நியாய புத்தியை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். (அட்லாண்டிக் கரை என்பது பெயரளவில்தான். 2024 முதல் பசிபிக் சமுத்திரத்தின் பக்கத்திலுள்ள ஸ்டான்போர்டும் பெர்க்கிலியும் இதில் அங்கத்தினர்கள். பூகோள வாத்தியார்கள் எப்படித்தான் சகித்துக்கொண்டிருக்கிறார்களோ!)

குளிர்காலம் முழுவதும் இக்கல்லூரிகள் தங்களுக்குள் ஆடி, வெற்றி தோல்விகளை அணுவளவும் பிசகாமல் கணக்கெழுதி, முதலிடம் இன்னாருக்கென்று நிர்ணயித்த பிறகு, அந்தக் கணக்கை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, ஐந்தே நாள் போட்டியில் கடைசிவரை தோற்காமல் நிற்பவர்களுக்குத்தான் சாம்பியன் பட்டத்தைக் கட்டுகிறார்கள். 1954-இல் இந்த ராலே நகரத்தில் தொடங்கிய வழக்கம் இது. வருஷமெல்லாம் கோட்டை விட்ட பையன் முழுப் பரீட்சையில் முதல் மார்க்கு வாங்கினால் நம் ஊரில் காப்பியடித்தான் என்போம். இங்கே ஊர்வலம் விடுகிறார்கள்.

2024-இல் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் ஊர் என்.சி. ஸ்டேட் கல்லூரி, கடைசி நான்கு ஆட்டங்களிலும் தோற்று, பத்தாம் இடத்தில், போட்டி நடந்த வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஆடி ஜெயித்தாலொழியப் பட்டமில்லை. நான்காம் நாள் வர்ஜீனியாக் கல்லூரியிடம் மூன்று புள்ளி பின்தங்கி, கடிகாரமும் ஓய்கிற தறுவாயில், ஓகானல் என்ற பிள்ளை தூரத்திலிருந்து வீசிய பந்து பலகையில் மோதிக் கூடைக்குள் இறங்கிற்று! கூடுதல் நேரத்தில் அந்த ஆட்டத்தை வென்று, மறுநாள் முதலிடத்து வட கரோலினாக் கல்லூரியையும் 84-76 என்று சாய்த்து, 1987-க்குப் பின் முதல் தடவையாகப் பட்டம் சூடினார்கள். அடுத்த வருஷம் அதே கல்லூரிக்குப் பதினெட்டில் பதினைந்து கல்லூரிகளுக்குக் கிடைத்த போட்டி அனுமதிகூடக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதில் கண்ணீர்க் கதையும் உண்டு. முன்காலத்தில் ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒரே கல்லூரிதான் தேசியப் போட்டிக்குப் போகலாம். 1974-இல் மேரிலாந்து அணி இறுதி ஆட்டத்தில் 103-100 என்று கூடுதல் நேரத்தில் தோற்று வீடு திரும்ப, வென்ற என்.சி. ஸ்டேட் தேசத்துக்கே சாம்பியனாயிற்று. மறு வருஷமே விதியைத் தளர்த்தினார்கள்.

போட்டி நாட்களில் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களே வகுப்புக்குள் டெலிவிஷன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பிள்ளைகளுக்கு ஆட்டம் காட்டுவது இந்த ராஜ்யத்தில் வெகுகாலச் சம்பிரதாயமாம். உத்தியோகஸ்தர்கள் மட்டும் விதிவிலக்கா? எங்கள் காரியாலயத்தில் போட்டி நடக்கும் வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்க ஆள் அகப்படுவது துர்லபம்.

ஆகையால், தாங்களும் மாமியும் இங்கு வருவதாக உத்தேசித்திருக்கும் பிரயாணத்தைத் தயவுசெய்து ஏப்ரலுக்குத் தள்ளிப்போடுங்கள். மார்ச் இரண்டாம் வாரத்தில் வந்தால், விமான நிலையத்துக்கு வண்டி கொண்டுவர என்னையும் சேர்த்து ஒருவரும் கிடைக்கமாட்டோம்.

தங்கள் அன்புள்ள மருமான்