கண்டெய்னர் முகவரிக்குக் கொங்கு மூலம்: ஒரு துணிபு

சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு வட்டாரங்களில் வழங்கும் "ஏனுங்கண்ணா, விபிஎன் போட்டா டேட்டாபேஸ் வரமாட்டேங்குதுங்க" என்னும் தொடர் இதுகாறும் ஆராயப்படவில்லை. அக்குறை ஈண்டு நீக்கப்படுகிறது.

1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918, உள் நெட்வொர்க்குகளுக்கென 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என மூன்று தொகுதிகளை ஒதுக்கிற்று. டாக்கர் 172.17.0.0/16-இல் குடியேறி, புதிய நெட்வொர்க் ஒவ்வொன்றுக்கும் 172.18, 172.19 என வளைத்துக்கொண்டே போகும். மூன்று கண்டெய்னர் குடியிருக்க 65,536 முகவரி! வாடிக்கையாளரின் விபிஎன்னோ 172.16.0.0/12 முழுதும் தனதென்னும். இரண்டு பட்டாவும் மோதினால், எல்லையைக் குறுக்கி எழுதியவர் பக்கமே லினக்ஸ் தீர்ப்பளிக்கும். டாக்கர் வெல்லும், டேட்டாபேஸுக்குப் புறப்பட்ட பாக்கெட் மடிக்கணினியைத் தாண்டாது.

மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்க என்பர் ஒருசாரார்.

இனி /24. 32 பிட் முகவரியில் முதல் 24 பிட் நெட்வொர்க்கைக் குறிப்பதால் இவ்வாறு எழுதுகிறோம் என்பர் கணினியார். பொருந்தாது. பூந்துறை, காங்கயம், தென்கரை, ஆறை எனக் கொங்கு 24 நாடாகக் கிடந்ததை அவர் அறியார். எண் ஒத்தால் இனம் ஒக்கும்; நம் வட்டார ஆய்வுகள் பலவும் இதைவிட மெலிந்த சான்றில் நிற்கின்றன. எவரும் பாராத நொய்யற்கரை ஓலை ஒன்றும் (வேண்டிய ஏட்டை மட்டும் கறையான் தின்றது) இதை உறுதிசெய்கிறது. அவ்வோலைக்கு எழுந்த உரை, உரையை மறுத்த அணிந்துரை, அணிந்துரையை மேற்கோள் காட்டும் மணிவிழா மலர்க் கட்டுரை, மூன்றும் ஒருவரே எழுதியவை ஆதலின் கருத்தொற்றுமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எஞ்சிய 8 பிட் எட்டுத் திக்கு.

தீர்வுக்கு வருவோம். 10.200 யாருடைய கையிலாவது இருக்கிறதா என்று வாடிக்கையாளரின் நெட்வொர்க் ஆளுக்குப் போன் போட்டுக் கேட்க. இது கள ஆய்வு. நம்மவரில் செய்வோர் அரிது. பிறகு டீமன்.ஜேசன் கோப்பில், டிஃபால்ட்-அட்ரஸ்-பூல்ஸ் என்பதன்கீழ் பேஸ் 10.200.0.0/16, சைஸ் 24 என எழுதுக. 256 நாடு, நாட்டுக்கு 256 முகவரி. கடைசியில் ஒரு காற்புள்ளி மிஞ்சினாலும் டாக்கர் எழாது. ரீஸ்டார்ட் செய்தபின்னும் பழைய நெட்வொர்க்குகள் பழைய முகவரியிலேயே உட்கார்ந்திருக்கும். காம்போஸ் டவுன், பின்பு அப் எனக் கட்டளையிட்டே கிளப்ப வேண்டும். டவுனுடன் மைனஸ் வி சேர்த்தோர் வால்யூமில் வைத்திருந்த டேட்டாவையும் இழப்பர்; அது தனி ஆய்வேட்டுக்குரிய பொருள்.