மீட்டர் சார்

எங்கள் மேடவாக்கம் அடுக்ககத்தில் அவருக்கு மீட்டர் சார் என்று பெயர். ஆட்டோ ஓட்டியவரும் இல்லை, வட்டிக்கு விட்டவரும் இல்லை. தொலைபேசித் துறையில் கேபிளோடு கேபிளாக வாழ்ந்து ஓய்வு பெற்றவர். பேன்ட் போட்டால் பாக்கெட்டில், வேட்டி கட்டினால் மடியில், மஞ்சள் நிற மல்டிமீட்டர் ஒன்று எப்போதும் இருக்கும். வீட்டில் ஒரு சாமான் கெட்டால் நமக்கெல்லாம் வயிறு கலங்கும். அவருக்கு முகம் மலரும்.

2020 ஊரடங்கில், வேலைக்கு வரும் அம்மாக்கள் வர முடியாத நாட்களில், இந்த ஊர்ச் சமையலறைகள் பலவற்றில் பாத்திரம் கழுவும் மெஷின் குடியேறியது. அவர் வீட்டிலும் ஒன்று. வருடக்கணக்காக அது பழுதில்லாமல் ஓடியதில் அவருக்கு உள்ளூர மனக்குறை என்பது என் கணிப்பு. போன மாதம் ஒரு ராத்திரி அந்தக் குறை தீர்ந்தது. மெஷின் பாதியில் நின்று, அடியில் சாம்பார் நிறத்தில் நாலு விரல்கடைத் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு, ஒற்றை விளக்கை மட்டும் சிமிட்டியது.

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, முந்திக்கொண்டு மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். வந்த பையன் கதவைத் திறந்தான், மூடினான். "போர்டு போயிருச்சு சார். பன்னண்டாயிரம் ஆகும்."

"எதை வச்சுச் சொல்றே தம்பி?"

"அனுபவம் சார்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவனை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்.

சில மாடல்களில் மெஷினின் காலடித் தகட்டைக் கழற்றினால், பின்னால் மடித்துச் செருகிய தாள் ஒன்று கிடைக்கும். வாங்கியவனுக்காக எழுதியதல்ல அது; பழுது பார்க்க வருகிறவனுக்காக. அதைப் பிரித்தபோது அவர் முகத்தில் இருந்த பரவசம், உ.வே.சா.வுக்குச் சுவடி கிடைத்தபோது இருந்திருக்கும். எந்த இரண்டு பொத்தானைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவரைப் போட்டால் மெஷின் தன் குட்டுகளைத் தானே சொல்லும் என்று அதில் போட்டிருந்தது. மாடலுக்கு மாடல் இது மாறும். இந்த நிலையில் மெஷின் பாத்திரத்தைப் பற்றிக் கவலைப்படாது. வெளியேற்றும் பம்ப், தண்ணீர் விடும் வால்வு, கழுவும் மோட்டார், ஹீட்டர், சோப்பு மூடி என்று ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே அசைத்துக் காட்டும், டாக்டர் சொன்னபடி கையையும் காலையும் நீட்டி மடக்கும் நோயாளி மாதிரி. கோளாறு இருந்தால் விளக்கை இத்தனை தடவை சிமிட்டும். எண்ணுவது நம் வேலை.

அவர் தரையில் சம்மணம் போட்டு எண்ணினார். மூன்று, நான்கு... "ஏங்க, காப்பி ஆறுது" என்றார் அக்கா. எண்ணிக்கை தப்பியது. முதலிலிருந்து மறுபடி. அக்காவுக்கு மூட்டு வலி மூன்று மாதமாக. அதற்கு அவர் சொன்ன ஒரே யோசனை, மாடிப்படி ஏறாதே. மெஷின் மூன்று தடவை சிமிட்டினால் அவருக்கு மூன்று நாள் தூக்கமில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஆளுக்கு விஷயம் தெரியும். வெளியேற்றும் பம்ப் முறை வந்ததும் அது 'உர்ர்' என்றது, தண்ணீர் நகரவில்லை. "கேட்டீங்களா? உறுமுதுன்னா கரண்ட் வருது. கரண்ட் வருதுன்னா போர்டு அனுப்புது. அப்போ போர்டு எங்கே செத்துச்சு?" பன்னிரண்டாயிரத்தை அந்த இடத்திலேயே மிச்சப்படுத்திவிட்டார். பம்ப்பில் ஏதோ சிக்கியிருக்கிறது. திறந்து எடுத்தால் தீர்ந்தது.

ஆனால் தாளில் இன்னும் எட்டு சோதனை பாக்கி இருந்ததே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரை மீட்டரில் பிடித்தார். "230ஐ 230ஆல பெருக்கி 2,000 வாட்டால வகுங்க. 26 ஓம் வரணும்." வந்தது. ஹீட்டரின் மேல் யாரும் புகார் சொல்லவில்லையே என்றேன். "புகார் வர்றதுக்கு முன்னாடி பார்க்கணும்." அடுத்து உப்பு. போர் தண்ணீரின் கடினத்தன்மையை எடுப்பது உப்பு இல்லையாம், உள்ளே இருக்கும் ரெசின் மணிகளாம். களைத்துப்போன அந்த மணிகளுக்குத் தெம்பு ஊட்டத்தான் உப்பாம். கல்லுப்பைக் கொட்டினாலென்ன என்று கேட்டுவிட்டேன். பத்து நிமிடம் போயிற்று.

இரண்டாம் நாள் மெஷினைக் குப்புறச் சாய்த்துப் போட்டு, கையில் பம்ப்போடு வரலாறு சொன்னார். வேலைக்காரர்கள் தன் பீங்கான் தட்டுகளை உடைத்த கோபத்தில் ஜோசஃபின் கோக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கி, 1886இல் காப்புரிமை வாங்கியதாம் இந்த மெஷின். 1893 சிகாகோ கண்காட்சிக்கும் போயிற்றாம். சிங்க்கில் மூன்று வேளைப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னார்: "அந்தம்மா கண்டுபிடிச்சாங்க. நீங்க பிரிச்சுப் போட்டீங்க. நான் கழுவுறேன்."

மூன்றாம் நாள் சாயங்காலம் குற்றவாளி அகப்பட்டது. பம்ப்பின் விசிறியில் முருங்கைக்காய் நார் ஒரு சுற்று, அதன் இடுக்கில் ஒரு எலுமிச்சை விதை. காகிதத்தில் வைத்து மாடி மாடியாகக் காட்டினார். வடிகட்டியைத் தாண்டி இவை எப்படி உள்ளே போயின என்று இரண்டாம் மாடிப் பையன் கேட்டான். வடிகட்டியைத் திருகி இறுக்காமல் வைத்தால் போகும் என்று தாளைக் காட்டி விளக்கினார். சரி, கடைசியாக அதைக் கழற்றி மாட்டியது யார்?

"போன ஞாயிறு நீங்கதானே, எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்தீங்க" என்றார் அக்கா.

மீட்டர் சார் மீட்டரை அணைத்தார்.

மெஷின் இப்போது ஓடுகிறது. உங்கள் வீட்டில் ஏதாவது நின்றால் தாராளமாக அவரைக் கூப்பிடுங்கள். காசு வாங்க மாட்டார், சரியாகவும் கண்டுபிடிப்பார். உள்ளே இருக்கும் பாத்திரத்தை மட்டும் முதலில் எடுத்துக் கழுவி வைத்துவிடுங்கள். மூன்று நாள் ஆகும்.