குண்டு விழுந்த வரைக்கும் நம்மூர்

ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்துவிடும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் சந்து. மழையையெல்லாம் கேரளத்தில் இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வரும் காற்று அதில் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று வெளுத்து வாங்கும். "ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாமா, நீ சைக்கிள எடுத்துட்டு எங்க சாமி கிளம்பற?" என்பார் எங்கள் அம்மிச்சி.

அம்மிச்சி இல்லாத தைரியத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 கிலோ அம்மியைத் தூக்க மணிக்கு 200 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று வேண்டும். அம்மி பறக்காது. ஆனால் காற்றை லேசாக எடை போடக்கூடாது என்கிற விஷயம் அம்மிச்சிக்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பாவின் பெரிய மண்டைகளுக்கு அது உறைக்க இரண்டாயிரம் வருஷம் ஆனது.

கனமான பொருள் வேகமாக விழும் என்றார் அரிஸ்டாட்டில். பள்ளிக்கூடத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லித் தருகிறார்கள். பொள்ளாச்சித் தோப்புக்கு வாருங்கள். மரத்திலிருந்து தேங்காய் 'தொப்'பென்று விழும். கூடவே கிளம்பிய பன்னாடை ஆடி அசைந்து, வழியில் இரண்டு பேரை விசாரித்துவிட்டு வந்து சேரும். தோப்புக்காரர் அரிஸ்டாட்டில் கட்சிதான். காற்று இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாக விழும் என்றார் கலிலியோ. வாஸ்தவம். ஆனால் பொள்ளாச்சியில் காற்றை யார் நிறுத்துவது?

நியூட்டன் காலத்தில் வேடிக்கை முற்றியது. 1719ல் லண்டன் செயின்ட் பால் தேவாலய உச்சியிலிருந்து, 272 அடி உயரத்திலிருந்து, ஊதி உருட்டிய பன்றி மூத்திரப்பைகளைக் கீழே போட்டார்கள். போட்டவர் டெசாகுலியே, அவரே ஒரு பாதிரியார். ஈயக்குண்டு நாலேகால் விநாடியில் தரைக்கு வந்தது. மூத்திரப்பைகள் 17 முதல் 22 விநாடி வரை எடுத்துக்கொண்டன. சாமி கும்பிடும் இடத்தில் நடந்த இந்தக் கூத்து நியூட்டனின் 'பிரின்சிபியா' மூன்றாம் பதிப்பில் பத்திரமாக ஏறியிருக்கிறது.

மெதுவாக விழுவதற்கு இது சரி. துப்பாக்கிக் குண்டுக்கு? அங்கே காற்றைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை என்று பீரங்கிப் பண்டிதர்கள் பலரும் நம்பினார்கள். அதைக் கெடுத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707ல் பிறந்தவர், பெற்றோர் குவேக்கர்கள், கொல்லாமையை விரதமாகக் கொண்டவர்கள். பிள்ளை 1742ல் பீரங்கி சுடுவது எப்படி என்று புத்தகம் போட்டார்.

கனத்த மரக்கட்டையை ஊஞ்சலாகத் தொங்கவிட்டு அதில் சுட்டார். கட்டை எவ்வளவு ஆடுகிறதோ அதை வைத்துக் குண்டின் வேகம். கிட்டே நின்று சுட்டு, பிறகு தள்ளி நின்று சுட்டால், நடுவில் காற்று எவ்வளவு தின்றது என்பது தெரிந்துவிடும். ஒரு அவுன்ஸ் சொச்சம் எடையுள்ள குண்டைக் காற்று அதன் எடையைப் போல 120 மடங்கு பலத்தோடு பிடித்துத் தள்ளியது. வேகம் இரட்டித்தால் தடை நாலு மடங்கு, அவிநாசி ரோட்டில் பைக் ஓட்டுகிறவர்கள் மார்பால் உணர்ந்த கணக்கு. ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது அதுவும் போதவில்லை, இன்னும் மூன்று மடங்கு ஏறியது. காற்று இல்லையென்றால் உக்கடத்தில் சுட்ட குண்டு கிணத்துக்கடவைத் தாண்ட வேண்டும், 27 கிலோமீட்டர். உண்மையில் ஒரு கிலோமீட்டர்கூடப் போவதில்லை.

இப்போது கடலூருக்கு வாருங்கள். 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் அங்கே ஒரு கோட்டையை வாங்கி, செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தது. எல்லை எது? பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை கம்பெனிக்கு. சர்வேயர் இல்லை, சங்கிலி இல்லை, பட்டா இல்லை. கோட்டையிலிருந்து சுற்றிலும் சுட்டார்கள். அகப்பட்ட ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நின்றது. நம் பக்கம் வரப்புத் தகராறு மூன்று தலைமுறைக்குக் கோர்ட் ஏறும்; அங்கே ஒரே மத்தியானத்தில் முடித்திருப்பார்கள் போல.

ராபின்ஸ் கணக்கைப் போட்டால் இந்தக் கிரயம் தலைசுற்ற வைக்கிறது. 24 பவுண்டு குண்டு காற்றில் 5 கிலோமீட்டருக்குள் விழுந்துவிடும். காற்றே இல்லையென்றால் 26 கிலோமீட்டர், பாண்டிச்சேரியையே தாண்டியிருக்கும். பிரெஞ்சுக்காரர்களின் ஊரைக் காப்பாற்றியது காற்று, வேறு யாருமல்ல.

இதைச் சொல்ல வேண்டியவரே கடலூருக்கு வந்து சேர்ந்தார் என்பதுதான் விசேஷம். கம்பெனியின் தலைமைப் பொறியாளராக, 1750ல், அதே செயின்ட் டேவிட் கோட்டையைப் பலப்படுத்த ராபின்ஸ் கப்பலேறி வந்தார். குண்டுக்கெல்லாம் கணக்கு வைத்திருந்தவருக்கு நம்மூர்க் காய்ச்சலுக்கு இல்லை. 1751 ஜூலை 29ல் அங்கேயே இறந்தார். ஆடி மாதம்.

ஏழு வருஷம் கழித்து பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தார். மிச்சம் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கரையில் கிடக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் ஆடி கழிந்து போங்கள்.