மேற்கோள்குறிக்காரர்

மேற்கோள்குறிக்காரர் என்பவர், ஒரு நூலைப் பற்றிய கட்டுரையில் நூலை விட்டுவிட்டு அதன் பெயரைச் சுற்றியுள்ள குறியைப் பார்ப்பவர். பதிப்பகங்களின் மெய்ப்பு மேசைகளில் மிகுதியாகக் காணப்படுவார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களிலும் உண்டு. சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருக்கும். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் திருத்தித் திருப்பிக் கொடுப்பார்.

இவருடைய கவலைக்கு நியாயம் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. தலைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குறிதான் காட்ட வேண்டும். ஜெயகாந்தனுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த நாவலை மனத்தில் வைத்து ஒருவர், “சில நேரங்களில் சில மனிதர்கள் எனக்குப் பிடிக்கவில்லை” என்று குறியில்லாமல் எழுதினால், அது மதிப்புரையா, சம்பந்தி வீட்டுப் புகாரா என்று தெரியாது.

ஆங்கில முறைப்படி நாவல், திரைப்படம் முதலிய முழுப் படைப்புகளுக்குச் சாய்வெழுத்து. சிறுகதை, கவிதை, கட்டுரை ஆகியவற்றுக்கு மேற்கோள் குறி. 1501-இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனுஷியஸ் சாய்வெழுத்திலேயே ஒரு முழு நூலை அச்சிட்ட கதையை, அச்சுக்கோப்புப் பையன் சாப்பிடக் கிளம்பும் நேரமாகப் பார்த்து இவர் சொல்வார். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றுக்குத் தனியே வரைந்த சாய்வு வடிவம் இல்லை. கணினி நிமிர்ந்த எழுத்தையே பிடித்துத் தள்ளிவிடும். ஆகவே இவர் தலைப்புக்கு ஒற்றை மேற்கோள், பேச்சுக்கு இரட்டை மேற்கோள் என்று விதித்திருக்கிறார். மாற்றிப் போட்டவரிடம் இரண்டு நாள் பேசமாட்டார்.

வேற்றுமை உருபு வரும்போதுதான் இவருக்கு இரத்த அழுத்தம் ஏறும். ‘புயலிலே ஒரு தோணி’யில் என்று குறியை மூடிவிட்டு உருபைச் சேர்க்கலாம். ‘பொன்னியின் செல்வன்’ அதற்கு இடம் கொடுக்காது. னகர ஒற்றும் உருபின் இகரமும் கூடி ஒரே எழுத்தாகிவிடுவதால், அதன் வயிற்றில்தான் குறியைக் குத்த வேண்டும். உருபையும் உள்ளே விட்டு ‘பொன்னியின் செல்வனில்’ என்று எழுதினால், கல்கி அப்படி ஒரு கதை எழுதவில்லை என்பார். கடைசியில் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் என்று ஒரு பெயர்ச்சொல்லைக் காவலுக்கு நிறுத்தி வழக்கை முடிப்பார். வழி நல்ல வழிதான். ஆனால் இவர் திருத்திய பக்கத்தில் வரிக்கு ஒரு நாவல் நிற்கும்.

திருக்குறளுக்கும் கம்பராமாயணத்துக்கும் இவர் குறி போடுவதில்லை. ஊரறிந்தவருக்கு அடையாள அட்டை எதற்கு என்பது கட்சி. எந்த நூல் எப்போது ஊரறிந்ததாகிறது என்று கேட்டால், தேநீர் ஆறுகிறது என்பார்.

நூலின் அட்டையிலும் தலைப்புக்குக் குறி தேவையில்லை. அங்கே தலைப்பு தனியாகவே நிற்கிறது. அதனால் அட்டை கைக்கு வந்தால் இவருக்கு வேலை இருக்காது. ஆசிரியரின் முன்னெழுத்துக்குப் பின்னால் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குவார்.